ஈயம் போனது, மணல் நின்றது: சுரங்கக் கழிவும் நம் நிலமும்



சுற்றுச்சூழல் என்று தலைப்புக் கொடுத்தால் நம் மாணவர்களின் கட்டுரையில் நெகிழிப் பை வரும், புகைமூட்டம் வரும், காடழிப்பு வரும். மூன்றும் நல்ல கருத்துகள்தான். ஆனால் பேராக்கில் வளரும் மாணவர் தினமும் பள்ளிப் பேருந்தில் கடந்து போகும் வெள்ளை மணல்மேட்டையும், அதன் பக்கத்தில் பச்சை நிறத்தில் அசையாமல் கிடக்கும் குட்டையையும் பற்றி ஒரு பத்திகூட எழுதுவதில்லை. அது என்ன, எப்படி வந்தது என்று யாரும் சொல்லித் தராததுதான் காரணம். அந்தக் குறையைப் போக்கவே இந்தக் கட்டுரை. படிவம் 4, 5 மாணவர்கள் கருத்து விளக்கக் கட்டுரைக்கும் வாய்மொழித் தேர்வுக்கும் பயன்படுத்தலாம். ஆசிரியர்கள் கருத்துணர்தல் பகுதியாக வெட்டி எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் சொற்கள்

பேச்சில் நாம் 'ஈயம்' என்கிறோம். ஈய லம்பம், ஈயக்குட்டை, ஈயக்கப்பல் எல்லாம் அப்படி வந்த பெயர்கள். 'லம்பம்' என்பது மலாய் மொழியின் 'லொம்போங்' என்ற சொல்லிலிருந்து நம் வாயில் திரிந்தது. தேர்வில் எழுதும்போது ஒரு கவனம் வேண்டும். தமிழில் ஈயம் இரண்டு வகை: வெள்ளீயம், காரீயம். நம் நாட்டில் தோண்டி எடுத்தது வெள்ளீயம். நம் பாட்டிமார் ரசம் வைத்த ஈயச்சொம்பும் வெள்ளீயம்தான். பழைய பெட்ரோலிலும் சாயத்திலும் கலந்திருந்த நச்சு உலோகம் காரீயம். "ஈயக்குட்டை என்றால் ஈய நச்சு" என்று எழுதிவிட்டால், படிப்பவர் காரீயம் என்று நினைத்துக்கொள்வார். கருத்து தடம் மாறிவிடும்.

அடுத்து, 'சுரங்கக் கழிவு'. சுரங்கத்தில் குப்பை இரண்டு விதமாக வரும். தாது இருக்கும் இடத்தை அடைவதற்கு முன்னால் அள்ளிப் போடும் மேல்மண்ணும் பாறையும் ஒரு விதம். தாதைப் பிரித்தெடுத்த பிறகு தண்ணீரோடு வெளியே வரும் மணலும் சேறும் இன்னொரு விதம். தேங்காயைத் துருவிப் பால் பிழிந்தபின் நிற்கிற சக்கை போல என்று சொன்னால் மாணவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். நாம் இங்கே பேசப்போவது இந்த இரண்டாவது விதத்தை, அதாவது சக்கையை.

சக்கை எப்படி உருவாகிறது?

அரிசியில் கல் அரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பாத்திரத்தில் தண்ணீர் விட்டு ஆட்ட ஆட்ட, லேசான அரிசி தண்ணீரோடு அடுத்த பாத்திரத்துக்குப் போகும். கனமான கல் அடியில் நிற்கும். ஈயம் எடுப்பதும் இதே வேலைதான். காசிட்டரைட் எனப்படும் ஈயத்தாது தண்ணீரைவிட ஏறக்குறைய 7 மடங்கு கனம். சாதாரண மணல் 2.6 மடங்குதான். ஓடும் தண்ணீரில் இரண்டையும் விட்டால் தாது தங்கும், மணல் ஓடிவிடும்.

கிந்தா பள்ளத்தாக்கில் இதை மூன்று வழிகளில் செய்தார்கள். முதலாவது, 'துலாங்' என்ற மரத்தட்டை ஆற்றில் சுழற்றி அரிப்பது. இதைப் பெரும்பாலும் பெண்கள் செய்தார்கள். இரண்டாவது, நீர்ப்பாய்ச்சல் முறை. பீரங்கி போன்ற குழாயிலிருந்து தண்ணீரைப் பாய்ச்சிக் கரையை இடித்து, கரைந்த சேற்றைப் பம்பு மூலம் உயரத்துக்கு ஏற்றி, 'பாலோங்' என்ற நீண்ட மரச்சரிவில் ஓடவிடுவார்கள். குறுக்குக் கட்டைகளில் தாது தங்கும். மீதி எல்லாம் சரிவின் கடைசியில் கொட்டும். மூன்றாவது, ஈயக்கப்பல். தனக்குத் தானே குளம் வெட்டிக்கொண்டு அதிலேயே மிதந்து, முன்பக்கம் தோண்டிப் பின்பக்கம் துப்பிக்கொண்டே நகரும் இரும்பு மிருகம் அது. பத்து காஜாவுக்கும் தஞ்சோங் துவாலாங்குக்கும் இடையே இன்று காட்சிப் பொருளாக நிற்கும் டி.டி. 5 கப்பல் 1938-இல் கட்டப்பட்டது. எடை சுமார் 4,500 டன். 1982 வரை அது தோண்டிக்கொண்டே இருந்தது.

இங்கேதான் ஒரு கணக்கைக் கவனிக்கணும். ஒரு கன மீட்டர் மண்ணின் எடை ஒன்றரை டன்னுக்கு மேல். அவ்வளவு மண்ணில் ஒரு கிலோ தாதுகூடத் தேறாத நிலங்களையும் கப்பல்கள் இலாபத்தோடு தோண்டின. அப்படியென்றால் தோண்டியதில் ஏறக்குறைய முழுவதும் சக்கை! 1895 வாக்கில் உலக ஈயத்தில் பாதிக்கும் மேல் மலாயாவிலிருந்து போனது. அந்த ஈயம் கப்பலேறிப் போய்விட்டது. அதைப்போல ஆயிரம் மடங்குக்கும் மேலான சக்கை இங்கேயே தங்கிவிட்டது. தீபகற்ப மலேசியாவில் இப்படிக் கைவிடப்பட்ட சுரங்க நிலம் 1 லட்சம் ஹெக்டேருக்கும் அதிகம் என்று மதிப்பிடுகிறார்கள். அதில் பெரும்பங்கு பேராக்கில் இருக்கிறது.

மணல் ஒரு பக்கம், சேறு ஒரு பக்கம்

பாலோங்கிலிருந்து கொட்டும் சக்கை ஒரே மாதிரி படிவதில்லை. பருமணல் கொட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே விழுந்துவிடும். மாவு போன்ற களிமண் துகள்கள் தண்ணீரோடு நெடுந்தூரம் போய், தாழ்ந்த இடத்தில் மெதுவாக அடங்கும். அதனால் ஒரே சுரங்க நிலத்தில் இரண்டு வேறு உலகங்கள் உண்டாகின்றன.

மணல்பகுதியில் மக்கு இல்லை, களி இல்லை. பெய்த மழை அப்படியே கீழே இறங்கிவிடும். போட்ட உரமும் அதோடு போய்விடும். நண்பகலில் வெறுங்காலை வைக்க முடியாத சூடு. சுரங்கம் மூடிப் பல ஆண்டுகள் ஆன பிறகும் லாலாங் புல்லும் சில புதர்களும் தவிர வேறொன்றும் தலைகாட்டாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். சேற்றுப்பகுதி இதற்கு நேர்மாறு. தண்ணீர் இறங்காது, வேருக்குக் காற்றுக் கிடைக்காது. மேலே காய்ந்து வெடித்திருக்கும். உள்ளே கொழகொழவென்று இருக்கும். மேலே மணலும் அடியில் சேறுமாக இருக்கிற நிலத்தில் யோசிக்காமல் வீடு கட்டினால், தரை ஒரு பக்கம் அமுங்கிச் சுவர் விரியும். அதனால்தான் இப்படிப்பட்ட நிலத்தில் தாமான் எழுப்புவதற்கு முன் மண்ணைத் துளைத்துப் பார்த்து, ஆழமாகத் தூண் இறக்குகிறார்கள்.

ஓர் ஊரையே நகர்த்திய மண்

சக்கை சுரங்கத்துக்குள்ளேயே இருந்துவிடாது. மழை அதை ஆற்றுக்குக் கொண்டுபோகும். ஆற்றின் படுகை உயரும். படுகை உயர்ந்தால், முன்பு கரைக்குள் அடங்கிய அதே வெள்ளம் ஊருக்குள் வரும். சங்கிலி போன்ற இந்தக் காரண காரியத் தொடர்பைக் கட்டுரையில் எழுதப் பழக்குங்கள்.

இதற்கு நம் நாட்டிலேயே தெளிவான சான்று கோலகுபு. சிலாங்கூர் ஆற்றோரம் ஈயத்தால் செழித்த ஊர் அது. மேட்டிலிருந்த சுரங்கங்களின் மண் ஆற்றில் இறங்கிக்கொண்டே இருந்தது. வெள்ளம் வந்து வந்து ஊர் மண்ணுக்குள் புதைய ஆரம்பித்தது. கடைசியில் ஊரையே மேட்டுக்கு மாற்றுவது என்று அரசாங்கம் முடிவு செய்தது. 1931 வாக்கில் உருவான அந்தப் புது ஊர்தான் இன்றைய கோலகுபு பாரு. 'பாரு' என்றால் மலாயில் புதிய என்று பொருள். ஊர்ப்பெயரிலேயே வரலாறு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் குழப்பிக்கொள்வார்கள். 1883-இல் அதே ஊரின் பழைய அணை உடைந்து பலர் இறந்தார்கள். 'உடைந்த அணை' என்று பொருள்படும் அம்பாங் பெச்சா என்ற இடப்பெயர் அதை நினைவூட்டுகிறது. அது ஒரே நாளில் நடந்த விபத்து. ஊரை இடம்பெயர வைத்ததோ பல ஆண்டுகளாகச் சேர்ந்த மண். பின்னதற்கு யாரும் தேதி சொல்ல முடியாது. சுரங்கக் கழிவின் குணமே அதுதான். பெரும்பாலும் மெதுவாக வேலை செய்யும்.

குட்டைகள்: அழகும் ஆபத்தும்

1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் நொடித்துப்போய், ஈய விலை சரிந்தது. சுரங்கங்கள் வரிசையாக மூடப்பட்டன. பம்புகள் நின்றதும் பள்ளங்களில் தண்ணீர் நிறைந்தது. இன்று நாம் பார்க்கும் ஆயிரக்கணக்கான ஈயக்குட்டைகள் இப்படி வந்தவை.

இவற்றால் நன்மையே இல்லை என்று சொன்னால் அது நேர்மையாகாது. தஞ்சோங் துவாலாங் வட்டாரத்தில் இந்தக் குட்டைகளில் மீனும் பெரிய நன்னீர் இறாலும் வளர்க்கிறார்கள். கோலாலம்பூரில் பழைய குட்டைகள் சில வெள்ளநீரைத் தாங்கிவைக்கும் குளங்களாகப் பயன்படுகின்றன. 2014 வறட்சியின்போது பெஸ்தாரி ஜெயா பகுதிக் குட்டைகளின் நீரைச் சிலாங்கூர் ஆற்றுக்கு ஏற்றினார்கள். அப்போது மக்கள் கேட்ட கேள்வி நியாயமானது: "இந்தத் தண்ணீரில் என்னென்ன கரைந்திருக்கிறது?" ஈயத்தாது பூமிக்குள் தனியாக இருப்பதில்லை. அதோடு ஆர்செனிக் கலந்த கனிமங்களும் சேர்ந்தே இருக்கும். தோண்டிக் கிளறியபின் அவை காற்றும் நீரும் பட்டுக் கரையலாம். எல்லாக் குட்டையும் நஞ்சு என்பது தவறு. எல்லாக் குட்டையும் சுத்தம் என்பதும் தவறு. ஒவ்வொன்றையும் சோதித்த பிறகே சொல்ல முடியும்.

இன்னொரு ஆபத்துக்குச் சோதனைக்கூடம் தேவையில்லை. சாதாரண குளத்தின் கரை மெல்ல மெல்லச் சரியும். ஈயக்குட்டையின் கரை அப்படியில்லை. தோண்டிய பள்ளம் என்பதால் இரண்டடி தள்ளினால் கால் எட்டாத ஆழம். கரையோரத்து மணல் மிதித்தவுடன் நழுவும். அடியில் இருப்பதோ காலை இழுக்கும் சேறு. குட்டையில் குளிக்கப் போன பிள்ளைகள் மூழ்கிய செய்தியை நாம் அடிக்கடி நாளிதழில் படிக்கிறோம். ஆசிரியர்களே, விடுமுறைக்கு முந்திய வாரம் இந்தப் பத்தியை மட்டுமாவது வகுப்பில் வாசித்துவிடுங்கள். "நீச்சல் தெரியும் டீச்சர்" என்பார்கள். நீச்சல் தெரிந்தாலும் நழுவும் கரையைப் பிடித்து ஏற முடியாது என்பதைச் சொல்லுங்கள்.

அமாங்: சக்கைக்குள் இன்னொரு சரக்கு

ஈயத்தாதோடு சேர்ந்து அடியில் தங்கும் வேறு சில கனமான கருமணல்களை 'அமாங்' என்பார்கள். இல்மனைட், சிர்க்கான், மோனசைட், செனோடைம் எல்லாம் இதில் உண்டு. ஒரு காலத்தில் வேண்டாத பொருள்; பிறகு விலைபோகும் பொருள். காரணம், மோனசைட்டிலும் செனோடைமிலும் அருமண் தனிமங்கள் இருக்கின்றன. கூடவே தோரியம் என்ற கதிரியக்கத் தனிமமும் இருக்கிறது. இயற்கையில் கிடைக்கும் தோரியம் பாதியாகக் குறைவதற்கு ஏறக்குறைய 1,400 கோடி ஆண்டுகள் ஆகும்.

ஈப்போவுக்குப் பக்கத்தில் புக்கிட் மேராவில் 1982-இல் ஏசியன் ரேர் எர்த் ஆலை இந்தக் கனிமங்களைப் பதப்படுத்தத் தொடங்கியது. மிஞ்சிய தோரியக் கழிவை எங்கே வைப்பது என்பதுதான் பிரச்சினையானது. பாப்பான் என்ற ஊரில் கிடங்கு கட்டும் திட்டத்தை மக்கள் 1984-இல் எதிர்த்தார்கள். 1985-இல் புக்கிட் மேரா மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1992-இல் ஈப்போ உயர்நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1993-இல் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. ஆனாலும் 1994-இல் நிறுவனமே ஆலையை மூடுவதாக அறிவித்தது. பிறகு பல ஆண்டுகள் துப்புரவு வேலை நடந்தது. கழிவை கிளேடாங் மலைப்பகுதியில் கட்டிய கிடங்கில் புதைத்தார்கள்.

அருமண் இல்லாமல் கைப்பேசி இல்லை, மின்சாரக் கார் இல்லை என்று இன்று மறுபடியும் பேசப்படுகிறது. அந்தப் பேச்சு சரியானதாக இருக்கலாம். ஆனால் சக்கையை எங்கே, யார் பொறுப்பில், எத்தனை தலைமுறைக்கு வைக்கப்போகிறோம் என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்கணும் என்பதைத்தான் புக்கிட் மேரா கற்றுக்கொடுக்கிறது.

மாமூட்: சிவக்கும் நீர்

ஈயச் சக்கையைவிடச் செம்புச் சக்கை கொஞ்சம் முரட்டுத்தனமானது. சபாவில், ரானாவ் அருகே மாமூட் செம்புச் சுரங்கம் 1975 முதல் 1999 வரை இயங்கியது. செம்புத்தாதில் கந்தகக் கனிமங்கள் நிறைய இருக்கும். பூமிக்குள் இருக்கும்வரை அவை சும்மா இருக்கும். உடைத்துப் பொடியாக்கி வெளியே போட்டால், காற்றும் மழையும் பட்டுக் கந்தக அமிலமாக மாறும். அமிலம் மற்ற உலோகங்களைக் கரைக்கும். கரைந்த இரும்பு, ஓடைக் கற்களில் துருநிறத்தில் படியும். இதை அமிலச் சுரங்க வடிகால் என்கிறோம். மாமூட்டின் பெரிய பள்ளத்தில் இன்று நிற்கும் ஏரியின் நீர் பி.எச். 3 அளவில், அதாவது புளிக்காடி அளவுக்கு அமிலத்தன்மை கொண்டது. சுரங்கம் மூடி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் வேதிவினை நிற்கவில்லை. ஆலையைப் பூட்டலாம், வேதிவினைக்குப் பூட்டு கிடையாது.

அணை உடைந்தால்

பெரிய சுரங்கங்கள் சக்கைச் சேற்றை அணை கட்டித் தேக்குகின்றன. செலவைக் குறைக்க, சில இடங்களில் அந்தச் சக்கையையே கொட்டிக் கொட்டி, பழைய சக்கையின் மேலேயே கரையை உயர்த்திக்கொண்டு போவார்கள். உள்ளே நீர் ஊறி அழுத்தம் கூடினால், கெட்டியாகத் தெரிந்த கரை ஒரு நொடியில் கஞ்சிபோல் இளகிவிடும்.

பிரேசில் நாட்டில் 2015 நவம்பர் 5-ஆம் நாள் மரியானா அருகே ஃபுண்டாவ் அணை உடைந்து 19 பேர் இறந்தனர். சேறு டோசே ஆற்றில் கலந்து 600 கிலோமீட்டருக்கு மேல் ஓடி அட்லாண்டிக் கடலைச் சேர்ந்தது. நாலாண்டு ஆவதற்குள், 2019 ஜனவரி 25-ஆம் நாள் புருமாடிஞ்ஞோ ஊரில் இன்னோர் அணை உடைந்து 270 பேர் மாண்டனர். தொழிலாளர்களின் உணவுக்கூடம் அணைக்குக் கீழேயே இருந்தது. உடைந்தது மதிய உணவு நேரம். அந்த அணையில் புதிதாகச் சக்கை கொட்டுவது நின்றே சில ஆண்டுகள் ஆகியிருந்தன. 'வேலை முடிந்துவிட்டது' என்பதற்கும் 'ஆபத்து முடிந்துவிட்டது' என்பதற்கும் எவ்வளவு வேறுபாடு பாருங்கள். இதற்குப் பிறகுதான் 2020-இல் சக்கை அணைகளுக்கான உலகளாவிய தரநிலை ஒன்று வெளியிடப்பட்டது.

நிலம் மீளுமா?

மீளும். ஆனால் தானாக, சீக்கிரமாக, இலவசமாக மீளாது.

தைப்பிங் ஏரிப் பூங்கா 1880-களில் சுரங்கப் பள்ளங்களைச் சீர்படுத்தி உண்டானது. பண்டார் சன்வே, மைன்ஸ் வட்டாரம், பாயா இண்டா சதுப்புநிலம் ஆகியவையும் ஈயம் தோண்டிய நிலங்களே. எல்லாவற்றிலும் சிறந்த சான்று கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழக வளாகம். 1920-களில் அது சுரங்கம் கெடுத்த பொட்டல். அங்கே மரம் நட்டு, வளர்த்து, காத்து ஏறக்குறைய நூறாண்டில் மழைக்காடாகவே மாற்றிவிட்டார்கள். 2025-இல் அது யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அதே கழகம் பேராக்கின் பீடோரில் ஈய மணலில் மரம் வளர்க்கும் ஆய்வு நிலையத்தையும் நடத்துகிறது.

எப்படிச் செய்கிறார்கள்? முதலில் மணலுக்குக் களியும் மக்கிய எருவும் சேர்க்கிறார்கள். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கும் அக்காசியா போன்ற மரங்களை முதலில் நடுகிறார்கள். அவை நிழல் தந்து, இலை உதிர்த்து, மண் குளிர்ந்த பிறகு மற்ற மரங்கள் வரும். ஆளும் வேண்டும், பணமும் வேண்டும், ஐம்பது ஆண்டுப் பொறுமையும் வேண்டும். நகரத்துக்குப் பக்கத்து நிலம் என்றால் வீடமைப்பு நிறுவனம் முதல் போடும். கம்பாருக்கும் கோப்பெங்குக்கும் உள்ளே கிடக்கும் மணல்காட்டுக்கு யார் முதல் போடுவது? ஈயத்தில் இலாபம் பார்த்த பழைய நிறுவனங்கள் பல இன்று பெயரளவில்கூட இல்லை. அதனால்தான் இப்போது பல நாடுகளில், சுரங்கம் தோண்டுமுன்னரே மறுசீரமைப்புக்கான வைப்புத்தொகையைக் கட்டச் சொல்கிறார்கள். வாதக் கட்டுரைக்கு இது வலுவான கருத்து.

வகுப்பறைக்கு

சொல்வளம்: சக்கை, படுகை, வண்டல், பொட்டல், மறுசீரமைப்பு, அருமண், கதிரியக்கம், அமில வடிகால். ஒவ்வொன்றையும் சொந்த வாக்கியத்தில் அமைக்கச் சொல்லலாம்.

கருத்துணர்தல் கேள்விகள்:

1. ஈயக்குட்டையின் கரை சாதாரணக் குளத்தின் கரையிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?
2. கோலகுபு இடம்பெயர்ந்ததற்கான காரணங்களைப் படிப்படியாக எழுதுக.
3. "வேலை முடிந்துவிட்டது என்பதும் ஆபத்து முடிந்துவிட்டது என்பதும் ஒன்றல்ல." மாமூட், புருமாடிஞ்ஞோ ஆகிய இரு சான்றுகளைக் கொண்டு விளக்குக.
4. "கைவிடப்பட்ட சுரங்க நிலத்தைச் சீர்படுத்தும் செலவு யாருடையது: நிறுவனத்துடையதா, அரசாங்கத்துடையதா, நிலத்தை வாங்குபவருடையதா?" வாதிடுக.

நான்காவது கேள்விக்கு ஒரே விடை கிடையாது. மதிப்பெண் கொடுக்கும்போது மாணவர் எந்தப் பக்கம் நின்றார் என்று பார்க்காதீர்கள். தன் வட்டாரத்தில் கண்ட ஒரு குட்டையையோ மணல்மேட்டையோ சான்றாக எழுதியிருக்கிறாரா, காரணத்திலிருந்து விளைவுக்கு அடி தவறாமல் போயிருக்கிறாரா என்று பாருங்கள். பள்ளிக்குப் பக்கத்தில் அப்படியோர் இடம் இருந்தால், வேலிக்கு இந்தப் பக்கம் நின்றபடியே ஒரு படம் எடுத்து வந்து வகுப்பில் காட்டுங்கள். பாடம் அங்கிருந்து நன்றாகவே தொடங்கும்.